பேர் சொல்லிக் கூப்பிடுங்க

"பச்சை பெயின்ட் தீர்ந்துபோச்சுங்க, முத..." என்று தொடங்கிய மேஸ்திரி மிச்சத்தை விழுங்கிவிட்டு, கதவு இருந்த இடத்திலேயே நின்றார்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "முத? அப்புறம் என்ன?"

மேஸ்திரி இருமினார்.

"சரி, யாருக்கு பெயின்ட்?"

"பெயின்டருக்குத்தாங்க."

"பேரைச் சொல்லுங்க."

"பெயின்டர்னு கூப்பிட்டாத்தாங்க அவருக்கே திரும்பிப் பார்க்கத் தெரியும்."

முதலாளி பேனாவை மேஜைமேல் வைத்தார். அவர் பேனாவை வைத்தால் அடுத்து அமெரிக்கா வரும் என்பது பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். வந்தது. அங்கே தரையைக் கூட்டுகிற ஆள்கூட முதலாளியின் தோளில் தட்டிப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறானாம். முதலாளியும் சிரித்துக்கொண்டே திரும்புகிறாராம். அப்படிச் சிரித்தவர் மறுநாளும் அந்த ஆளை வேலையில் வைத்திருந்தாரா என்று கேட்க மேஸ்திரிக்கு ஆசைதான். வாய் வரவில்லை.

அது நாற்காலி செய்கிற பட்டறை. குழாயை வளைத்து, பற்றவைத்து, சக்கரம் மாட்டி, பெயின்ட் அடித்து, மெத்தை தைத்து வெளியே தள்ளுவது தொழில். வெளியே போகிற ஒவ்வொரு நாற்காலிக்கும் இங்கிலீஷில் ஒரு பேர் உண்டு. செய்கிற ஆளுக்கு வேலைதான் பேர். பெயின்ட் அடிப்பவர் பெயின்டர். மெத்தை தைக்கிற அம்மாள் தையலக்கா. உயரமாக இருப்பவன் நெட்டை. ஓயாமல் பேசுகிறவன் ஊமை. எல்லாரையும் மேய்க்கிறவர் மேஸ்திரி. இதில் யாருக்கும் எந்தக் குறையும் இருந்ததில்லை, முதலாளி விமானம் ஏறுகிற வரைக்கும்.

நாற்காலி வாங்குகிற பெரிய கம்பெனி ஒன்று அவரை அமெரிக்காவுக்கு அழைத்துப்போய்க் கொஞ்ச நாள் வைத்திருந்து அனுப்பியது. போகும்போது ஒரு பெட்டியோடு போனவர், வரும்போது பெட்டி நிறையப் பழக்கத்தோடு வந்தார். நடந்துகொண்டே காபி குடித்தார். சட்டையில் சிந்திக்கொண்டார். வாட்ச்மேனைப் பார்த்து "ஹாய்" என்றார். அவருக்கு எங்கேயோ வலிக்கிறது என்று நினைத்து வாட்ச்மேன் ஓடிப்போய் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். முதலாளி என்றால் யாரும் எப்போதும் உள்ளே வரலாம் என்று இருக்கவேண்டுமாம். அதற்காகத் தன் அறைக் கதவைக் கழற்றினார். முன்பெல்லாம் உள்ளே கூப்பிட்டுத் திட்டினால் திட்டு வாங்கியவனுக்கு மட்டும் தெரியும். இப்போது பட்டறைக்கே தெரிந்தது. தினமும் காலையில் எல்லாரையும் கூட்டி ஒரு மீட்டிங். அமெரிக்காவில் மீட்டிங்கை நின்றுகொண்டேதான் நடத்துவார்களாம். அதனால் இங்கேயும் எல்லாரும் நின்றார்கள், சுற்றிலும் புது நாற்காலியாக வைத்துக்கொண்டு.

அந்த மீட்டிங்கில்தான் சட்டம் வந்தது. இனிமேல் சார், ஐயா, அண்ணே, அக்கா எதுவும் கூடாது. முதலாளி என்ற வார்த்தையே கூடாது. மேலேயிருந்து கீழே வரைக்கும் எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும்.

மீட்டிங் முடிந்ததும் மேஸ்திரியைத் தனியாக நிறுத்தி இன்னொன்றும் சொன்னார். வருகிற மாதம் அந்தப் பெரிய கம்பெனியின் அமெரிக்காக்காரர் ஒருவர் பட்டறையைப் பார்க்க வருகிறார். "சுத்திக் காட்டப்போறது நீங்கதான். ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லி அறிமுகப்படுத்தணும், என்னையும் சேர்த்து. நல்லா செஞ்சீங்கன்னா மேனேஜர் வேலை உங்களுக்கு. வாய் வரலைன்னா டை கட்டின ஆள் ஒருத்தரை வெளியிலேருந்து கொண்டுவந்துடறேன். நீங்க பழையபடி வெல்டிங்குக்குப் போயிடுங்க."

வெல்டிங் என்றதும் மேஸ்திரியின் கை தன்னால் கண்ணுக்குப் போனது. பாதி ஆயுளை அந்த நெருப்புப்பொறிக்கு முன்னால் கழித்தவர் அவர். இனிமேலும் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வேறெந்த வெளிச்சத்தையும் பார்க்க முடியாது என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். மேஸ்திரி வேலை என்பது அவருக்குப் பதவி இல்லை, கண்.

அதனால்தான் முதலாளியின் அறையிலிருந்து நேராகப் பெயின்டரிடம் போனார். பேரைக் கேட்டுக்கொண்டு வந்துவிடலாம், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தார். கேட்டும் விட்டார்.

பெயின்டர் தூரிகையை டப்பாவில் வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என் பொண்ணு கல்யாணத்துக்கு வந்தே. முதல் வரிசையில உக்காந்தே. ரெண்டு தடவை சாப்பிட்டே. என் பேர் தெரியாதா உனக்கு?"

"மறந்துபோச்சுய்யா. வயசாகுதுல்ல."

"தெரியாதவனுக்கு நான் எதுக்குச் சொல்லணும்?"

"சரி, என் பேரைச் சொல்லு பார்ப்போம்."

பெயின்டர் குனிந்து, கலக்கிமுடித்த பெயின்டை மறுபடியும் கலக்க ஆரம்பித்தார்.

இந்தச் செய்தி சக்கரம் மாட்டுகிற பக்கம் போவதற்குள் பட்டறை முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்திலேயே நின்று இத்தனை காலம் வேலை செய்தவன் பேர் தெரியாது என்று ஒத்துக்கொள்ள எவனும் தயாராக இல்லை. தன் பேரை அவனாகச் சொல்லட்டும் என்று இவன். இவன் சொல்லட்டும் என்று அவன். முடிவில் யாரும் யாரையும் கூப்பிடுவதே நின்றுபோனது. ஸ்பானர் வேண்டுமென்றால் குழாயைத் தட்டினார்கள். நெட்டையைத் திரும்பவைக்க அவன் முதுகில் பஞ்சுத் துண்டை எறிந்தார்கள். ஊமை மூன்று நாள் பேசாமல் இருந்ததைப் பார்த்துத் தையலக்கா பயந்துபோய் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

இதற்கு நடுவில் முதலாளி சுற்றிச் சுற்றி வந்தார். முன்பெல்லாம் அறையைவிட்டு வெளியே வராத மனுஷன், இப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மேஜைப் பக்கத்திலும் போய் நின்றார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நிற்பார். யாரும் எதுவும் பேசமாட்டார்கள். பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போவார். ஒட்டுக்கேட்கிறார், ஆள் குறைக்கப்போகிறார், அமெரிக்காவில் இப்படித்தான் முதலில் சிரிப்பார்கள் என்று பேச்சு. பேச்சென்றால் வாய்ப்பேச்சு இல்லை, ஜாடைதான்.

ஒருநாள் மேஸ்திரி பக்கத்திலும் வந்து நின்றார். தூரத்தில் வேலை செய்துகொண்டிருந்த நெட்டையைக் காட்டி, "அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்றார்.

மேஸ்திரி விசிலடித்தார்.

"விசில் வேண்டாம். பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

மேஸ்திரி நெட்டை இருந்த இடத்துக்கே நடந்துபோய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். முதலாளி நெட்டையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

முதலாளியைக் கூப்பிடுவதற்கு மேஸ்திரி கண்டுபிடித்த வழி இருமல். பின்னால் போய் நின்று இரண்டு தடவை இருமினால் திரும்பிவிடுவார். வேலை நடந்துவிடும். ஒரு வாரம் நன்றாகத்தான் போனது. அடுத்த வாரம் முதலாளி அவரை மார்பு எக்ஸ்ரே எடுக்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். அமெரிக்காவில் தொழிலாளியின் உடம்பைக் கவனித்துக்கொள்வார்களாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஆனால் பட்டறையில் அதை யார் நம்புவார்கள்? தையலக்கா அவருடைய டீ கிளாஸைத் தனியாகக் கவிழ்த்துவைத்தார். பெயின்டர் தூரத்தில் நின்று பேசினார், அதாவது தூரத்தில் நின்று டப்பாவைத் தட்டினார்.

முதலாளியும் சும்மா இருக்கவில்லை. ஒரு பெட்டி நிறையச் சட்டையில் குத்துகிற வில்லை வந்து இறங்கியது. எழுதாத வெள்ளை வில்லை. அவரவரை எப்படிக் கூப்பிடுவார்களோ அதை அவரவரே எழுதிக் குத்திக்கொள்ளச் சொன்னார். எல்லாரும் கவனமாக எழுதினார்கள். மறுநாள் காலை மீட்டிங்கில் முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தார். மேஸ்திரி. பெயின்டர். தையலக்கா. ஊமை. நெட்டை. கடைசி ஆளிடம் வந்தபோது சிரிப்பு இல்லை. கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்னங்க தப்பு? இப்படித்தானே கூப்பிடறாங்க?" என்று தையலக்கா கேட்டார். முதலாளி மட்டும் வில்லை குத்திக்கொள்ளவில்லை. என்னை யாருக்குத் தெரியாது என்றார்.

வீட்டில் மேஸ்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவர் மனைவி விஷயத்தை வாயிலிருந்து பிடுங்கிவிட்டாள்.

"இதுக்கா இப்படி? கூச்சப்பட்டா முடியுமா? கண்ணை மூடிக்கிட்டு ஒரு தடவை சொல்லிடுங்க. அப்புறம் பழகிடும்."

"சொல்லலாம்."

"இப்ப எனக்கு முன்னால சொல்லிப் பாருங்க. அவர் பேர் என்ன?"

மேஸ்திரி வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. சோற்றுக்கை அந்தரத்தில் நின்றது. கூச்சத்தைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்த மனுஷனுக்கு, அந்தக் கூச்சத்துக்கு அடியில் பேர் என்று ஒன்று இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவே இல்லை. இப்போது பார்த்தார். இல்லை.

"தெரியாதா?" என்றாள் அவள். "இருபது வருஷமா அந்த ஆள்கிட்ட சம்பளம் வாங்கறீங்க."

"முதலாளின்னு சொல்லித்தான் வாங்கினேன்."

"நம்ம பையன் கல்யாணத்துக்குப் பத்திரிகை குடுத்தீங்களே, மேல என்ன எழுதினீங்க?"

"'முதலாளி, குடும்பத்தாருடன்.'"

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். வந்தவள், கண்ணுக்கு வைக்கவேண்டிய மருந்து அலமாரியில் இருப்பதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, ஆபீசில் யாரையாவது கேளுங்கள், கணக்கு எழுதுகிற அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது என்றாள்.

கணக்கு எழுதுகிற அம்மாவை எல்லாரும் கணக்கம்மா என்பார்கள். படித்தவர், இங்கிலீஷ் பேசுவார். மேஸ்திரி அவரிடம் போய் அப்படி இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டார். கணக்கம்மா வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நானே யார்கிட்ட கேக்கறதுன்னு இருந்தேன். கம்பெனி அவர் பேர்ல இல்லை மேஸ்திரி, அவர் வீட்டம்மா பேர்ல இருக்கு. வரிக்காக. காகிதமெல்லாம் டிரைவர்கிட்ட வீட்டுக்குப் போகும், அம்மா கையெழுத்துப் போட்டு வரும். சட்டப்படி பார்த்தா அவர் இங்க யாருமே இல்லை."

"அம்மாகிட்ட கேட்டிருக்கலாமே."

"அவங்க ஒரு தடவைகூட இங்க வந்ததில்லையே. ஃபோன் பண்ணி உங்க வீட்டுக்காரர் பேர் என்னன்னா கேப்பாங்க?"

"நம்ம ஆட்கள் பேராவது தெரியுமா உங்களுக்கு?"

"சம்பளம் நம்பர் போட்டுத்தானே போகுது. எனக்கு நீங்க ஏழு."

ஏழாம் நம்பர் அங்கிருந்து டிரைவரிடம் போனார். முதலாளியின் வண்டியை ஓட்டுகிறவன், அந்த வீட்டுக்குத் தினமும் போகிறவன். டிரைவர் இதைக் கேட்டதும் ஒரு பெரிய ரகசியத்தை வைத்திருப்பவன் மாதிரி பீடியை அணைத்தான்.

"பழைய பேர் எனக்குத் தெரியாது. புதுப் பேர் தெரியும். அமெரிக்கா போய் வந்ததும் மாத்திக்கிட்டார். இப்ப அவர் பேர் ரிக்கி."

மேஸ்திரி நம்பவில்லை. டிரைவர் சத்தியம் செய்தான். காலையில் வண்டியோடு வெளியே காத்திருப்பானாம். காம்பவுண்டுச் சுவருக்கு மேலே முதலாளியின் தலை மட்டும் இங்கும் அங்கும் நடப்பது தெரியுமாம். மாடியிலிருந்து அம்மா, "ரிக்கி, போதும் வா, குளிக்கணும்" என்று குரல் கொடுப்பார்களாம். உடனே தலை உள்ளே போய்விடுமாம்.

"புருஷனை 'வா'ன்னா கூப்பிடறாங்க?"

"அமெரிக்கா போய் வந்த வீடு மேஸ்திரி. அங்கெல்லாம் அப்படித்தானாம். நேத்து 'ரிக்கி, சோபாவுல ஏறாதே'ன்னுகூடச் சத்தம் போட்டாங்க. பாவம், வீட்டுக்குள்ள அவருக்கு மரியாதையே இல்லை."

அன்றைக்கு மேஸ்திரி வழியெல்லாம் அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனார். சொல்லச் சொல்ல எளிதாக இருந்தது. நம்ம ஊர்ப் பேராக இருந்தால்தான் நாக்குக் கூசும், இது யாருடைய பேரோ மாதிரிதானே இருக்கிறது என்று தைரியம் வந்தது.

மறுநாள் மீட்டிங். எல்லாரும் நின்றார்கள். முதலாளி காபியோடு வந்தார். மேஸ்திரி ஒரு அடி முன்னால் வந்து, கண்ணை மூடிக்கொண்டு, பட்டறையின் அந்தக் கோடிவரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ரிக்கி. பச்சை வந்தாச்சு."

முதலாளியின் முகம் வெளுத்தது. குனிந்து தன் காலடியைப் பார்த்தார். பிறகு மேஜைக்கு அடியில் பார்த்தார். "எங்கே?" என்றார்.

"ஸ்டோர்லங்க" என்றார் மேஸ்திரி. பெயின்ட் அங்கேதான் இருந்தது.

முதலாளி காபியை நெட்டையின் கையில் கொடுத்துவிட்டு ஸ்டோருக்கு ஓடினார். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "இங்க இல்லையே. கேட்டைச் சாத்துங்க. எல்லாரும் தேடுங்க."

முதலாளியே ஓடும்போது மேஸ்திரி நிற்க முடியுமா? ஆட்களைப் பிரித்துவிட்டார். நீ அந்தப் பக்கம், நீ மிஷினுக்கு அடியில், நீ பஞ்சு மூட்டைக்குப் பின்னால் என்று ஜாடையிலேயே ஏவினார். பெயின்டர் தன் கோபத்தை மறந்து பக்கத்தில் வந்து, "என்னத்தைத் தேடறோம்?" என்று கேட்டார்.

"கிடைச்சாத் தெரியும். தேடு."

விடியற்காலையில் வந்து இறங்கிய பச்சையை அடித்த நாற்காலிகள் காய்வதற்காக வரிசையாக நின்றிருந்தன. முதலாளி முழங்காலில் தவழ்ந்து அவற்றுக்கு அடியில் புகுந்தார். அவர் தோள் பட்டு ஒன்று நகர்ந்தது. அது அடுத்ததை இடித்தது. சக்கரம் வைத்த நாற்காலி, தரையும் சரிவு. வரிசை முழுவதும் கிளம்பி நிதானமாக உருண்டுபோய்ப் பஞ்சுக் குவியலில் விழுந்தது. வெளியே இழுத்தபோது ஒவ்வொரு நாற்காலிக்கும் முடி முளைத்திருந்தது. முதலாளியின் தலை பாதி பச்சையாக இருந்தது.

அந்தத் தலையோடு அவர் வீட்டுக்கு ஃபோன் போட்டார். பேசினார். வைத்தார். மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"கட்டில்ல தூங்கிட்டு இருக்காம். நீங்க இங்க எங்கே பார்த்தீங்க?"

"எதைங்க?"

"எங்க நாயை."

மேஸ்திரிக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. விளங்கி என்ன பிரயோஜனம்? உங்களைத்தான் கூப்பிட்டேன் என்று சொல்ல முடியுமா? "அந்த மாதிரி ஒண்ணு இப்படிப் போனாப்பல இருந்துதுங்க" என்றார்.

முதலாளி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். மறுநாளே மார்பு எக்ஸ்ரே எடுத்த ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் அனுப்பினார், இந்தத் தடவை கண்ணுக்கு. அங்கே உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முதலாளி அதைப் படித்துவிட்டு, நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்கிற குரலில் சொன்னார். "இந்தக் கண்ணோட வெல்டிங்கும் செய்யக்கூடாதாமே. அப்படின்னா அமெரிக்காக்காரர் வர்ற அன்னிக்கு நீங்க நல்லா செஞ்சாத்தான் உண்டு. இல்லைன்னா உங்களுக்கு என்ன வேலை குடுக்கறதுன்னு எனக்கே தெரியலை."

முன்பு தோற்றால் வெல்டிங். இப்போது தோற்றால் வீடு. டிரைவரை இரண்டு நாள் தேடினார் மேஸ்திரி. அவன் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை.

வருகிற நாள் வந்தது. அமெரிக்காக்காரர் வண்டியிலிருந்து இறங்கினார். உயரமாக, சிவப்பாக, இறங்கும்போதே வியர்த்துக்கொண்டு. மேஸ்திரிக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம் இருந்தது. அந்த ஊர்ச் சட்டப்படி இந்த ஆள் முதலாளியைப் பேர் சொல்லித்தானே கூப்பிடுவார், அப்போது பிடித்துக்கொள்ளலாம். காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தார்.

"ஹலோ, மை ஃப்ரெண்ட்" என்றார் அமெரிக்காக்காரர்.

குழாய் வளைக்கிற இடத்தில் "வெரி குட், மை ஃப்ரெண்ட்" என்றார். மெத்தை தைக்கிற இடத்தில் "பியூட்டிஃபுல், மை ஃப்ரெண்ட்" என்றார். முடி முளைத்த நாற்காலிகளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அங்கே மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆளும் பேரைச் சொல்லத் தெரியாமல்தான் ஃப்ரெண்டை வைத்துச் சமாளிக்கிறார் என்று மேஸ்திரிக்குப் புரிந்தபோது, எல்லாரும் பட்டறை நடுவில் வந்து நின்றுவிட்டார்கள். சுற்றி வேலையாட்கள். கணக்கம்மா அமெரிக்காக்காரர் சொன்னதைத் தமிழில் சொன்னார். இங்கே வேலை செய்கிற எல்லாரையும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாராம்.

முதலாளி வேகமாக மேஸ்திரி பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். ஆரம்பிங்க.

மேஸ்திரி வாயைத் திறந்தார். இருமல் வந்தது. தையலக்கா இரண்டு அடி தள்ளி நின்றார். கூட்டத்துக்குப் பின்னால் வெல்டிங் மேஜையில் யாரோ கேஸ் நெருப்பை அணைக்க மறந்திருந்தார்கள். மேஸ்திரி அந்தப் பக்கம் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டார். இருபது வருஷமாகச் சொன்னது தன்னால் வந்துவிட்டது.

"இவர் எங்க முதலாளிங்க."

போச்சு என்று நினைத்தார். கண்ணைத் திறக்கவில்லை.

அமெரிக்காக்காரர் கையை நீட்டிக்கொண்டு முதலாளியிடம் போனார். "மு... த... லா... லி" என்று நிதானமாகச் சொல்லிப் பார்த்தார். வந்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் மறுபடியும் சொன்னார். இத்தனை நாளும் உங்கள் பேரைச் சொல்ல முடியாமல் தவித்தேன், இது எவ்வளவு எளிதாக இருக்கிறது என்றாராம். கணக்கம்மா இதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி கோபப்படுவார் என்று பட்டறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் கோபப்படவில்லை. வில்லை படித்த அன்றைக்குக் காணாமல் போன சிரிப்பு திரும்பி வந்தது. "யெஸ், யெஸ், முதலாளி" என்றார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மேஸ்திரியின் தோளில் கையைப் போட்டு, "இவர் மேஸ்திரி" என்றார். அப்புறம் யாரும் கேட்காமலே வரிசையாகக் கிளம்பிவிட்டார். சட்டையில் குத்தியிருந்த வில்லைகளைப் பார்த்துப் பார்த்து, "இவர் பெயின்டர், இவங்க தையலக்கா, இவர் நெட்டை, இவர் ஊமை" என்று கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களைக் காட்டுகிற மாதிரி காட்டினார். அமெரிக்காக்காரர் ஒவ்வொருவர் கையையும் குலுக்கி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். ஊமை நன்றி சொல்ல ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. அவனைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

கடைசியில் அவர் நின்று ஒரு பேச்சு பேசினார். தன் ஊரில்கூட ஒரு முதலாளி தன் ஆட்களை இப்படி ஒவ்வொருவராக அறிந்து வைத்திருப்பதைப் பார்த்ததில்லையாம். ஆர்டரை இரண்டு மடங்காக்கிவிட்டு, வண்டியில் ஏறும்போது, "தேங்க்யூ, முதலாளி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சட்டம் அன்றே ரத்தானது. முதலாளி எல்லார் முன்னாலும் மேஸ்திரிதான் இனி மேனேஜர் என்று சொன்னார். பெயின்டர் பக்கத்தில் வந்து டப்பாவைத் தட்டாமல் வாயாலேயே, "மேஸ்திரி, டீ சாப்பிடலாம் வா" என்றார். இப்படி ஒருவர் கூப்பிட்டு மேஸ்திரிக்கு எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

டீயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் ஆபீசுக்குப் போனார். ஆர்டரில் கையெழுத்துப் போட அன்றைக்குத்தான் முதன்முதலாக முதலாளியம்மா பட்டறைக்கு வந்திருந்தார்கள். போட்டு முடித்துவிட்டு, கணக்கம்மாவின் மேஜையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளத்தில் இருந்ததைச் சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை.

"முதலாளிக்குப் பெரிய மனசும்மா. எனக்கு வாய் வரலைன்னு தெரிஞ்சதும், எனக்காக அந்த அமெரிக்கா சட்டத்தையே விட்டுக்குடுத்துட்டார்."

முதலாளியம்மா டம்ளரைக் கீழே வைத்தார்கள். "பெரிய மனசாவது, சின்ன மனசாவது. இத்தனை வருஷத்துல உங்க ஒருத்தர் பேர்கூட அவருக்குத் தெரியாது மேஸ்திரி. நேராக் கேக்க வெட்கப்பட்டுக்கிட்டு, நீங்களே ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டா காதுல வாங்கிக்கலாம்னுதான் அந்தச் சட்டத்தையே போட்டார்."